இருபத்தி நாலாவது ஊசி

அம்மிணி, உன்ற இடது தோள்ல ஊசி குத்தியிருக்குது பாரு. ஆமா, சுடிதார்லதான், நூலோட தொங்குது. எடுத்துரு கண்ணு. கூட்டம் ஏறுச்சுன்னா எவ கையிலயாச்சும் ஏறிரும். பையில சும்மா போடாத, ஒரு காயிதத்துல குத்தி வெய்யி. செரி.

பனியன் கம்பெனியிலயா வேலை? பல்லடத்துலயா? அதுதான் பாத்தேன். தைக்கறவளுக்குத்தான் அந்தப் பழக்கம் வரும். தெச்சுட்டு இருக்கறப்ப யாராச்சும் கூப்புட்டா ஊசிய எங்க வெப்போம், தோள்ல குத்திக்குவோம். கை தானாப் போகும். எனக்கும் முப்பது வருஷமா இருந்த பழக்கந்தான். இப்ப இல்ல.

நீ எங்க எறங்கோணும்? குண்டடமா? நான் தாராவரம். இன்னும் நேரமிருக்குது.

நானும் தையல்தான். தையல் டீச்சரு. ஜெயில்ல. பாரு, தள்ளி உக்காந்துட்ட. எல்லாரும் அப்படித்தான், ஜெயிலுன்னு வாயில வந்ததும் ஒரு சாண் தள்ளிருவாங்க. நான் உள்ள இருந்தவ இல்ல கண்ணு, சொல்லிக் குடுக்கப் போனவ. எந்த ஊரு ஜெயிலுன்னு கேக்காத, சொல்ல மாட்டேன். பொம்பளைங்க ஜெயிலு. ஏழு வருஷம் போனேன்.

ஒரு டிரஸ்ட்டுக்காரங்க வெச்சு நடத்தினாங்க. ஆறு மாசப் படிப்பு, முடிச்சா சர்டிபிகேட்டு. வெளிய போனாப் பொழைக்கறதுக்கு ஒரு கைத்தொழில் வேணுமில்ல. என்ற ஊட்டுக்காரரு சைசிங் மில்லுல விழுந்து இடுப்பு போயி வருஷக்கணக்காப் படுக்கையில கெடந்தாரு. அப்பத்தான் இந்த வேலை வந்துச்சு. எங்க ஒறம்பரை சொந்தமெல்லாம் கொலைகாரிங்களுக்கா சொல்லிக் குடுக்கப் போறேன்னு கேட்டாங்க. எனக்கு அந்த வேலை போனா அடுப்பு எரியாது. அத மட்டும் மனசுல வெச்சுக்க, அப்பறம் என்னையத் தப்பா நெனைக்க மாட்ட.

உங்க கம்பெனியில ஊசி ஒடஞ்சா ஒடஞ்ச துண்டக் கொண்டாந்து காட்டுனாத்தான் புது ஊசி குடுப்பாங்க இல்ல? அங்கயும் அப்படித்தான், ஆனாக் காரணம் வேற. ஒருத்தி கண்ணுல குத்தலாம், ஒருத்தி முழுங்கிரலாம். கத்திரிக்கோலுக்குச் சங்கிலி போட்டு மேசையில பூட்டியிருக்கும். கையூசி இருபத்தி நாலு. செகப்புத் துணியில பஞ்சு அடைச்சு ஒரு சின்ன மெத்தை, அதுல வரிசைக்கு ஆறா நாலு வரிசை. காத்தால எஸ்தர்னு ஒரு வார்டரம்மா எண்ணிக் குடுப்பாங்க, பொழுதோட நாலரை மணிக்கு எண்ணி வாங்குவாங்க. எண்ணிக்கை செரியானாத்தான் அத்தனை பேரும் வகுப்ப விட்டுப் போலாம்.

அந்த மெத்தைக்குக் கைதியிலயே ஒருத்தி பொறுப்பு. கொறஞ்சா அவதான் பதில் சொல்லோணும். அதுக்கு நான் துளசிமணியப் போட்டேன். நான்தான் போட்டேன். பன்னெண்டு பேருல அவளுக்குத்தான் அந்த மரியாதை குடுத்தேன். இந்தக் காலத்துல அதையெல்லாம் யாரு நெனச்சுப் பாக்கறா.

துளசிமணின்னா சின்னப் புள்ள இல்ல, நாப்பது வயசு. புருசன் குடிகாரன். ஒரு நா பொண்ணப் போட்டு அடிச்சிருக்கான், இவ கடப்பாரைய எடுத்துட்டா. ஒரே அடி. ஆயுள் தண்டனை. அப்ப அந்தப் பொண்ணுக்கு ஆறு வயசு. அவ வகுப்புக்கு வந்தப்ப ஊசியில நூல் கோக்கத் தெரியாது. கடலைக்காய் பறிச்சு, களையெடுத்துப் பழகுன கை. ஊசி அந்த வெரல்ல நிக்காது. மொத மாசம் பூராம் பழைய துணியில நேர்கோடு மட்டுந்தான் போட வெச்சேன். ஒரு நாளும் மொகம் சுளிக்கல. பிரிச்சுப் போடுன்னா பிரிச்சுட்டு மறுபடியும் போடுவா. அஞ்சாவது மாசம் ரவிக்கைக்குக் கை ஏத்துனா பாரு, எங்கயும் ஒரு சுருக்கமில்ல. எனக்கே அப்படி வராது. சர்டிபிகேட்டு வாங்கினப்பறமும் அவளை நான் விடல. அடுத்தடுத்த பேட்ச்சுக்கெல்லாம் அவளையே தொணைக்கு வெச்சுக்கிட்டேன். பாதி வேலைய அவளே பாத்துக்குவா, எனக்கும் தொண்டைத் தண்ணி மிச்சம்.

பொண்ணு பேரு மோகனா. தாய்மாமன் ஊட்டுல வளந்துச்சு. மாசம் ஒருக்கா மனுவுக்கு வரும். மனுன்னா உள்ள இருக்கறவங்களப் பாக்க வர்றது, அங்க அப்படித்தான் சொல்லுவாங்க. பன்னெண்டாவது படிச்சுட்டு இருந்துச்சு, நர்சுக்குப் படிக்கோணும்னு ஆசை. அந்த மாமனுக்கு வேற ரோசனை. அவன் பொண்டாட்டிக்கு ஒரு தம்பி, முப்பத்தஞ்சு வயசு, மொதப் பொண்டாட்டி அடி தாங்காம ஓடிப்போனவன். அவனுக்குக் கட்டிருவோம், ஆவணியில பொண்ணுக்குப் பதினெட்டு முடியுது, முடிஞ்ச வாரமே முகூர்த்தம்னு பேசிட்டாங்க. சோறு போட்டு வளத்தவன் பேசிட்டா அப்பீலேது. பொண்ணு கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு, நீ வெளிய வந்தாத்தாம்மா இது நிக்கும்னு அழுதுட்டுப் போச்சாம். துளசிமணி வந்து எங்கிட்டச் சொன்னா. மெசின மிதிச்சுக்கிட்டே சொன்னா.

அந்த வருஷம்னு பாத்து ஒரு உத்தரவு வந்துச்சு. பத்து வருஷம் முடிச்சவங்க, ஒரு கரும்புள்ளி இல்லாதவங்க, தொழில் கத்துக்கிட்டவங்க, இவங்களையெல்லாம் பாத்து விடலாம்னு. சித்திரையில லிஸ்ட்டு போகுது. துளசிமணிக்குப் பதினோரு வருஷம். நடத்தைச் சீட்டுல ஒரு கீறல் இல்ல. என்ற சர்டிபிகேட்டு இருக்குது. சூப்பிரண்டு அம்மாவே கூப்புட்டு, உன்ற பேரு மொத அஞ்சு பேருக்குள்ள இருக்குதுன்னு சொல்லிட்டாங்க. ஆனி கடைசிக்குள்ள வெளிய போயிரலாம், ஆவணிக்கு முன்னாடி பொண்ணக் கூட்டிக்கலாம். ஒரு ரூம் புடிச்சு மெசினு போட்டு ஒக்காந்துட்டா ரெண்டு பேரு பொழைக்கறதுக்கு என்ன? பொண்ணுக்குப் போட ஒரு ரவிக்கைய வெட்டியே வெச்சிருந்தா, மிச்சத் துணியில. கத்திரிப்பூக் கலரு.

பங்குனியில ஒரு சனிக்கெழமை. டிரஸ்ட்டுல ஒரு பெரியம்மா இருந்தாங்க, என்ற சம்பளத்துல கையெழுத்துப் போடறவங்க. அவங்க ஒரு பட்டுச்சீலையக் குடுத்து, இதுக்குக் கொஞ்சம் ஃபால்ஸ் தெச்சுக் குடும்மான்னு சொல்லியிருந்தாங்க. ஜெயிலுக்குள்ள சொந்த வேலை பாக்கக் கூடாது, எனக்கும் தெரியும். முடியாதுன்னு சொல்ல முடியுமா, நீயே சொல்லு. மத்தியானத்துக்கு மேல மூலையில ஒக்காந்து தெச்சுட்டு இருந்தேன். மெத்தையிலிருந்து ஒரு ஊசிய எடுத்துக்கிட்டேன். துளசிமணியும் பாத்தா.

நாலே காலுக்கு ஆரோ வர்றாங்கன்னு சத்தம் கேட்டுச்சு. சீலைய மடிச்சுப் பையில திணிச்சேன். ஊசி எங்க போச்சு? நீ எங்க வெச்சிருந்தயோ அங்கதான். தோள்ல, முந்தி மடிப்புல, பின்னுக்குப் பக்கத்துல. எனக்கு நாலே முக்காலுக்கு பஸ்ஸு. கெளம்பிட்டேன். வகுப்பு வாசல்ல ஒரு வெள்ளக்கோடு இருக்கும், கைதிங்க எண்ணிக்கை முடியறதுக்குள்ள அதத் தாண்டக் கூடாது. துளசிமணி கோடு வரைக்கும் வந்து நின்னுட்டு, டீச்சருங்க, டீச்சருங்கன்னு கூப்புட்டா. நான் திரும்பாமயே, எதா இருந்தாலும் திங்கக்கெழம சொல்லு, பஸ்ஸு போயிரும்னு சொல்லிட்டு வந்துட்டேன். என்னத்தச் சொல்லியிரப் போறா, நூலு தீந்துருச்சுன்னு சொல்லுவா, அப்படித்தான் நெனச்சேன். கேட்டுல பையத்தான் தொறந்து பாப்பாங்க. சீலையில நாலு பின்னு இருக்கற எடத்துல ஒரு ஊசி யாரு கண்ணுக்குத் தெரியப் போகுது.

ஊட்டுக்கு வந்து சீலைய அவுக்கறேன், சுருக்குனு பெருவெரல்ல ஏறிருச்சு. மறுநா ஞாயித்துக்கெழமை. போன் பண்ணிச் சொல்லலாம். என்னன்னு சொல்லுவேன்? கையூசிய எதுக்கு எடுத்தேன்னு கேப்பாங்க. பட்டுச்சீலை வெளிய வரும். பெரியம்மா பேரு வரும். அவங்க பேரு வந்தா என்ற வேலை போயிரும். படுக்கையில கெடந்த மனுசன் மொகத்தப் பாத்தேன், போன வெச்சுட்டேன். காணாமப் போனது கத்தியோ கத்திரிக்கோலோ இல்ல, ஒரு ஊசி. ஒரு நாளு தேடுவாங்க, விட்டுருவாங்கன்னு நெனச்சேன்.

விடல. சனிக்கெழமை பொழுதோட எண்ணினா இருபத்தி மூணு. பன்னெண்டு பேரையும் துணி அவுத்துச் சோதிச்சிருக்காங்க. தலைமுடியப் பிரிச்சு, படுக்கையக் கிழிச்சு, மெசின ஒவ்வொண்ணாக் கவுத்து, தரையச் சல்லடை போட்டுச் சலிச்சிருக்காங்க. ஞாயித்துக்கெழமை பூராவும் அதே பாடு. மனுவக் கூட நிறுத்திட்டாங்க. அன்னைக்கு மோகனா வந்து வாசல்லயே நின்னுட்டுத் திரும்பிப் போயிருக்குது. துளசிமணிய மட்டும் தனியா நிக்க வெச்சுக் கேட்டப்ப அவ ஒரே வார்த்தைதான் சொன்னாளாம், எஸ்தரம்மா அப்பறம் எங்கிட்டச் சொன்னாங்க. “டீச்சர் வரட்டுங்க, டீச்சர் வந்தா எல்லாஞ் செரியாப் போயிரும்.” பாரு, எம்மேல அவ்வளவு நம்பிக்கை. நான் வந்தா அவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லுவேன்னு நம்பியிருக்கா.

திங்கக்கெழம நான் அந்த ஊசியோடதான் போனேன். சாமி சத்தியமா, சூப்பிரண்டு அம்மாகிட்ட நேராப் போயிச் சொல்லிரோணும்னுதான் கெளம்பினேன். கேட்டுலயே எஸ்தரம்மா எல்லாக் கதையும் சொல்லிட்டாங்க. சூப்பிரண்டு ரூமுக்குப் போகாம வகுப்புப் பக்கம் திரும்பிட்டேன். வகுப்புக்குள்ள ஆருமில்ல, எல்லாரையும் வெளிய உக்கார வெச்சிருந்தாங்க. அப்பத்தான் தோணுச்சு. கீழ போட்டுட்டா ஆராச்சும் கூட்டறப்பக் கெடச்சுரும், எண்ணிக்கை செரியாயிரும், ஒருத்தருக்கும் கஷ்டமில்ல. வாசலுக்குப் பக்கத்துல இருந்த மெசினுக்கு அடியில போட்டுட்டு வந்துட்டேன். திருப்பிக் குடுத்துட்டேன் பாரு. வேற ஒருத்தியா இருந்தா தூரமாக் கெணத்துல வீசிட்டுப் பேசாம இருந்திருப்பா. நான் திருப்பிக் கொண்டுபோயி வெச்சேன்.

வாசலுக்குப் பக்கத்து மெசினு துளசிமணியோடது.

பத்து நிமிசத்துல கூட்டறப்பக் கெடச்சுருச்சு. நான் மூச்சு விட்டேன். எண்ணிக்கை இருபத்தி நாலு, முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அவங்க அப்படி நெனைக்கல. ரெண்டு நாளாக் கவுத்துப் போட்டுச் சலிச்ச எடத்துல மூணாவது நாளு ஊசி எப்படி வரும்? அவதான் ஒளிச்சு வெச்சிருந்து, பயந்துபோயித் திருப்பிப் போட்டிருக்கான்னு சொன்னாங்க. காணாமப் போயிருந்தாக் கூட கவனக்கொறைவுன்னு எழுதியிருப்பாங்களாம். கெடச்சதுனால வேணும்னே ஒளிச்சு வெச்சதுன்னு எழுதினாங்க. இத நான் என்னத்தக் கண்டேன்? நான் நல்லது நெனச்சுத்தான் போட்டேன்.

விசாரணைக்கு என்னையும் கூப்புட்டாங்க. சூப்பிரண்டு அம்மா, எஸ்தரம்மா, நானு, எதுக்கால துளசிமணி. ஊசி மேசை மேல ஒரு வெள்ளத்தாள்ல இருந்துச்சு, பக்கத்துல அந்தச் செகப்பு மெத்தை. அவளைக் கேட்டாங்க. அவ என்னையப் பாத்துட்டு நின்னா. என்ற மொகத்தக் கூட இல்ல, தோளப் பாத்தா. அன்னைக்கு நான் முந்திய இழுத்துப் போத்தியிருந்தேன். சூப்பிரண்டு அம்மா என்னையக் கேட்டாங்க, டீச்சர், இவளப் பத்தி உங்களுக்குத்தான் தெரியும், நீங்க சொல்லுங்கன்னு.

நான் அவளை விட்டுக் குடுக்கல. “நெம்ப நல்ல பொம்பளைங்கம்மா. ஏதோ தெரியாமப் பண்ணிட்டா. இந்த ஒரு தடவ மன்னிச்சு விட்டுருங்க.” இப்படித்தான் சொன்னேன். கெஞ்சினேன் அம்மிணி. கையெடுத்துக் கும்புட்டேன். ஒரு கைதிக்கோசரம் எந்த டீச்சராச்சும் அப்படிக் கும்புடுவாளா?

இவதான் பண்ணினான்னு டீச்சரே ஒத்துக்கிட்டாங்கன்னு எழுதிக்கிட்டாங்க. நான் சொன்னத ஒண்ணுக்கு ரெண்டாத் திருப்பிட்டாங்க, நான் என்ன பண்ணட்டும். துளசிமணி சீட்டுல கரும்புள்ளி விழுந்துச்சு. லிஸ்ட்டுல இருந்து பேர அடிச்சாங்க. மூணு மாசம் மனு கெடையாது. அவ அழுவான்னு நெனச்சேன், அழுகல. போறப்ப அந்த வெள்ளத்தாள்ல இருந்த ஊசிய எடுத்து மெத்தையில குத்தி வெச்சுட்டுப் போனா. கடைசி வரிசையில, ஆறாவது எடத்துல.

ஆவணியில அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிப்போச்சு. துளசிமணிக்குக் கடுதாசிதான் வந்துச்சு. அப்பவும் நான் போயி ஆறுதல் சொன்னேன், எல்லாப் பொண்ணுங்களும் ஒரு நா கட்டிக் குடுக்கறதுதான, போற எடத்துல நல்லா இருப்பான்னு. அவ தலைய ஆட்டிட்டு மெசின மிதிச்சா. ஊசிப் பொறுப்ப அவகிட்டயிருந்து எடுத்துட்டாங்க. நான்தான் மறுபடியும் சொல்லி, தையலுக்காச்சும் விடுங்கன்னு வாங்கிக் குடுத்தேன். இதையெல்லாம் கணக்குல வெக்கோணுமில்ல.

தை மாசம். பொங்கல் கழிஞ்சு நாலாம் நாளு. மோகனா பருத்திக்கு அடிக்கற மருந்தக் குடிச்சுட்டா. அடி பொறுக்க முடியலைன்னு அக்கம்பக்கத்துல சொன்னாங்களாம். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. துளசிமணியப் போலீஸ் பாராவோட கூட்டிட்டுப் போனாங்க, நாலு மணி நேரம் குடுத்தாங்க. கத்திரிப்பூக் கலரு ரவிக்கைய எஸ்தரம்மாகிட்டச் சொல்லிக் கையோட எடுத்துட்டுப் போனாளாம். போட்டு விட்டாளா என்னன்னு எனக்குத் தெரியாது, ஆருங் கேக்கல. கேக்கவும் முடியாதில்ல. எனக்கும் நெஞ்சு வெந்துச்சு கண்ணு. நானும் ரெண்டு பொண்ணப் பெத்தவ. அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல.

மூணு நாளு கழிச்சு வகுப்புக்கு வந்தா. அவ எடத்துல ஒக்காந்தா, தெச்சா. நாலரைக்கு நான் பைய எடுத்துட்டுக் கெளம்பறேன். வெள்ளக்கோடு வரைக்கும் வந்தா. பன்னெண்டு பேரும் பாக்கறாங்க, எஸ்தரம்மா நிக்கறாங்க. சத்தம் போடல, கோவமில்ல, எப்பவும் பேசற கொரல்லயே சொன்னா.

“டீச்சருங்க, முந்தியில ஊசி இருக்குதான்னு பாத்துட்டுப் போங்க.”

எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. எஸ்தரம்மா என்னையத் திரும்பிப் பாத்தாங்க. நான் முந்திய ஒதறிக் காட்டிட்டு வந்தேன். மறுநாளும் சொன்னா. அதுக்கு மறுநாளும். சனிக்கெழமை தவறாது, மழை பேஞ்சாத் தவறாது. நாலரை ஆச்சுன்னா கோட்டு மேல வந்து நிப்பா, அதே வார்த்தை. நூல் கோக்கச் சொல்லிக் குடுத்தவ நானு. எனக்கு அவ குடுத்த மரியாதையப் பாத்தயா? ஒரு நா கேட்டே போட்டேன், எதுக்குடி இப்படிச் சொல்லிச் சொல்லிக் கொல்றேன்னு. அதுக்கு அவ, அன்னைக்குச் சொல்ல வந்தனுங்க, உங்களுக்கு பஸ்ஸு போயிருமின்னீங்கன்னு சொல்லிட்டுக் குனிஞ்சு துணிய வெட்ட ஆரம்பிச்சுட்டா.

பதினாலு மாசம் தாங்கினேன். அதுக்கு மேல முடியல, வேலைய விட்டுட்டேன். கடைசி நாளு எல்லாரும் ஒரு பூமாலை கட்டிப் போட்டாங்க. நாலரை ஆச்சு. நான் கோட்டுகிட்ட நின்னேன், அவ வருவான்னு. வரல. மெசின மிதிச்சுட்டே இருந்தா. நானே முந்திய எடுத்து ஒதறினேன், அவ பாக்கோணும்னு ரெண்டு தடவ ஒதறினேன். அவ தலையத் தூக்கல.

இப்ப நீயே சொல்லு அம்மிணி. ஊசி எங்கிட்ட இருக்குதுன்னு அவளுக்குத் தெரியும். சனிக்கெழமையே தெரியும். சோதிச்சப்பவும் தெரியும், அந்த மேசைக்கு முன்னாடி நின்னப்பவும் தெரியும். வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ற வேலைதான போயிருக்கும்? அவ பொண்ணு இருந்திருப்பாளே. பெத்தவ அவ, சொல்ல வேண்டியது அவதான? அவ சொல்லாததுக்கு நான் என்ன பண்ணுவேன்? தப்பு எம்மேலயா, அவ மேலயா?

எதுக்கு எந்திரிக்கற? குண்டடம் இன்னும் வரலையே, கால் மணி நேரம் ஆகும். எடம் இருக்கறப்ப எதுக்கு நின்னுட்டு வர்ற, உக்காரு கண்ணு. அங்க முன்னாடி எதுக்குப் போற?

செரி, போ. ஊசியப் பத்திரமா வெச்சுக்க.